ஃபயரிங் பின் மாற்ற நாலு நடை: காரைக்குடி துப்பாக்கிப் பட்டறை

ஐயா காலத்து .315 போர் (bore) ரைஃபிள், இஷாப்பூர் தயாரிப்பு, லைசென்ஸ் இப்போது என் பெயரில். வருஷம் முழுக்கக் கானாடுகாத்தான் வீட்டு அலமாரியில் கிடக்கும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வரும். போன தடவை ரேஞ்சில் ஐந்து தோட்டாவில் இரண்டு வெடிக்கவில்லை, தோட்டா அடியில் இருக்கிற கேப்பில் லேசாக ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

முதலில் வேறொரு ஊரில் ஒருவரிடம் கொடுத்துத் தொலைத்தேன். மனுஷன், கேப்பைத் தட்டி வெடிக்க வைக்கிற ஃபயரிங் பின்னின் முனையை ஊசி மாதிரி கூராக்கிக் கொடுத்துவிட்டார். அடுத்த குண்டு வெடித்தது, சரி, ஆனால் கன்னத்தில் சுடச்சுட ஏதோ அடித்தது. கேப்பில் ஓட்டை விழுந்து, வெடித்த வாயு, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கிற போல்ட் வழியாகப் பின்னால் வந்திருக்கிறது. கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தேன்.

அப்புறம்தான் காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் இருக்கும் இந்தப் பட்டறை. பெரியவர் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் லைசென்ஸ் புக்கை வாங்கிப் பார்த்தார், அப்புறம் போல்ட் நம்பரும் பாடி நம்பரும் ஒன்றா என்று பார்த்தார், அதற்கப்புறம்தான் உட்காரச் சொன்னார். போல்ட் முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பின் குத்தக் கூடாது, அமுக்கணும். முனை மொட்டையா உருண்டு இருக்கணும்" என்றார். இந்த மாடலில் ஃபயரிங் பின், தனக்குப் பின்பக்கம் இருக்கிற துண்டோடு மரையில் சேர்ந்திருக்கும், அதைக் கழற்றத் தனிச் சாவி உண்டு. முந்தைய ஆள் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகிய பல் தடத்தை விரலால் தடவிக் காட்டினார், எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

புதுப் பின் போல்ட் முகத்து ஓட்டையில் இறுகியது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கினால் என்ன என்று கேட்டுவிட்டேன். முறைத்தார். ஓட்டை பெரிசானால் சுடும்போது கேப்பின் தகடு அந்த இடைவெளிக்குள் பிதுங்குமாம். முனையில் நீல மை தடவி நுழைப்பார், எடுத்து எந்தப் பக்கம் உரசியிருக்கிறது என்று பார்ப்பார், எண்ணெய்க் கல்லில் இரண்டு இழுப்பு, மறுபடியும் மை. இப்படியே முக்கால் மணி நேரம், நான் இரண்டு காபி குடித்து முடித்தேன். கடைசியில் டெப்த் கேஜ் வைத்து முனை எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று அளந்தார், ஒரு மில்லிக்கும் ஒன்றேகால் மில்லிக்கும் நடுவே. குறைந்தால் வெடிக்காது, கூடினால் கேப் கிழியும். காலித் தோட்டா ஓட்டில் கேப் இடத்தில் செம்புத் துண்டு வைத்துத் தட்டிப் பார்த்தார், வட்டமாக, நட்ட நடுவில் பள்ளம்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் பின் தேடலாம் என்று மச்சான் யோசனை சொன்னார். எனாமல் தூக்குச்சட்டி தேடலாம், இதைத் தேடாதீர்கள், உதிரிப் பாகமும் ஆயுதச் சட்டப்படி ஆயுதம்தான்.

குறை? வியாழன் வா என்றார், போனால் பூட்டு. சனி போனால் பின் இன்னும் வரவில்லை. போன் எடுப்பதே இல்லை. பின்னோடு சேர்த்து 2,800 ரூபாய், பில் கேட்டால்தான் கிடைக்கும், ஆனால் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார்.

மதியம் 1 மணிக்கு ஷட்டர் இறங்கினால் 4 மணிக்குத்தான் ஏறும். லைசென்ஸ் ஜெராக்ஸ் செல்லாது, ஒரிஜினல் எடுத்துப் போங்கள்.