லீ வானெல், ஜோயல் எட்ஜர்டன்: எழுதிய நடிகரா, நடித்த எழுத்தாளரா?

இருவரும் ஆஸ்திரேலியர்கள். எழுதினார்கள், நடித்தார்கள், இயக்கவும் செய்தார்கள். வந்த வழிதான் வேறு.

மெல்பர்னில் இயக்குநர் ஜேம்ஸ் வானுடன் படித்த வானெல், 'சா' (Saw) என்ற திகில் படக் கதையை விற்க ஒரு குறும்படம் எடுத்து, அதில் தானே நடித்தார். (தமிழில் எழுதினால் தலைப்பே பயமுறுத்துகிறது!) 2004இல் வெளிவந்த முழுப்படத்தின் படப்பிடிப்பு 18 நாளில் முடிந்தது, வசூல் 10 கோடி டாலரைத் தாண்டியது. அதிலும் ஒரு முக்கிய வேடம் அவருக்கே. பின்னாளில் நடிப்பைக் குறைத்துக்கொண்டு, 2020இல் 'தி இன்விசிபிள் மேன்' படத்தை எழுதி இயக்கினார்.

எட்ஜர்டன் தலைகீழ். தொலைக்காட்சித் தொடரில் பெயர் வாங்கிய பிறகே பேனா. 2008இல் 'தி ஸ்கொயர்' படத்தை இணைந்து எழுதினார். இயக்கியது அண்ணன் நாஷ். 2015இல் 'தி கிஃப்ட்' படத்தை எழுதி, இயக்கி, பரிசு கொண்டுவந்தே கலங்கடிக்கும் பழைய பள்ளித்தோழனாகவும் நடித்தார்.

திகில் எழுத்துக்கு என் ஓட்டு வானெலுக்கு. நடிப்பில் போட்டியே இல்லை: 'லவிங்' படத்தில் எட்ஜர்டன் அதிகம் பேசாமலே மனதில் நிற்கிறார்.