பொம்பெயியா, ஹெர்குலேனியமா, ஓஸ்டியாவா?

இத்தாலி போகிறவர்களில் பாதிப்பேர் யோசிக்காமலே பொம்பெயிக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் ரோமானியர்கள் எப்படிப்பட்ட ஊரில் வாழ்ந்தார்கள் என்று பார்ப்பதுதான் ஆசை என்றால், நேப்பிள்ஸ் பக்கத்தில் பொம்பெயியைப் புதைத்த அதே வெசுவியஸ் எரிமலை புதைத்த ஹெர்குலேனியமும், ரோமுக்குப் பக்கத்திலேயே கிடக்கும் ஓஸ்டியா ஆண்டிகாவும் போட்டியில் இருக்கின்றன. நேப்பிள்ஸில் ஒரே ஒரு நாள்தான் என்றால் என் ஓட்டு ஹெர்குலேனியத்துக்கு.

பொம்பெயியின் பலம் அதன் பரப்பு. மதிலுக்குள் ஏறத்தாழ 66 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டியாகிவிட்டது. பொது மன்றம், கோயில்கள், ரொட்டிக் கடைகள், கி.மு. 70 வாக்கில் கட்டிய கல் அரங்கம் என்று ஒரு முழு ஊரையே குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்க்கலாம். தெருவில் ஓடும் கழிவுநீரில் கால் வைக்காமல் தாண்டிப் போக நடுவில் உயரமான கற்களைப் பதித்திருக்கிறார்கள். அவற்றின் இடைவெளியில் வண்டிச் சக்கரங்கள் போய்ப் போய்த் தளக்கல்லே பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. 1863-இல் தொல்லியலாளர் ஃபியோரெல்லி, உடல்கள் மக்கிப்போன வெற்றிடங்களில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த மனித உருவங்களும் இங்கேதான்.

ஆனால் வீடுகளுக்குள் போனால் பெரும்பாலும் கூரையில்லாத சுவர்கள்தான். நல்ல ஓவியங்களில் பலவற்றைப் பெயர்த்து நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பேர்போன அலெக்சாண்டர் மொசைக்கும் அங்கேதான். அது கிடைத்த வீட்டில் இருப்பது நகல். கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று 2024 நவம்பரில் வரம்பு வைக்க வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் ஒதுங்க நிழலும் குறைவு.

கி.பி. 79-இல் வெடித்தது ஒரே மலைதான். இருந்தும் இரண்டு ஊர்களுக்கும் நேர்ந்தது வேறு வேறு. பொம்பெயி மேல் மணிக்கணக்கில் நுரைக்கல் மழையாகக் கொட்டியது. பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன. ஹெர்குலேனியத்தைக் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் அலை அலையாக வந்து மூடின. சுமார் 20 மீட்டர் ஆழத்துக்குப் புதைந்து, மேலே படிந்தது பாறையாகவே இறுகிவிட்டது. உள்ளே காற்றில்லாததால், கரிமூட்டம் போட்டது போல, மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாக நின்றுவிட்டது. அதனால்தான் இங்கே மாடி வீடுகள், கதவுகள், உத்தரங்கள், கட்டில், குழந்தைத் தொட்டில் வரை கிடைத்தன. ஒரு வீட்டில் கூடத்தையும் உள்ளறையையும் பிரிக்கும் மரத்தடுப்பு அப்படியே நிற்கிறது. விளக்கு மாட்டும் வெண்கலக் கொக்கிகள்கூட அதில் இருக்கின்றன. இந்த ஒன்றுக்காகவே இங்கே வரலாம் என்பேன்.

ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள் என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 1980 முதல், பழைய கடற்கரையோரப் படகுக் கொட்டகைகளில் சுமார் 300 பேரின் எலும்புகள் வரிசையாகக் கிடைத்தன.

குறை இல்லாமல் இல்லை. பார்க்க முடிவது நாலரை ஹெக்டேர் அளவுதான். மீதி ஊர் இன்றைய எர்கோலானோ நகரத்தின் அடியில். தலைக்கு மேலே அடுக்குமாடிக் குடியிருப்புகள் தெரியும். கருகிய பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்த மாளிகையும் பெரும்பகுதி மண்ணுக்குள்தான்.

ஓஸ்டியாவைப் புதைத்தது எரிமலை அல்ல. டைபர் ஆற்று முகத்தில் ரோமின் துறைமுகமாக இருந்த ஊர் இது. வண்டல் சேர்ந்தது, வியாபாரம் போனது, பளிங்கைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதனால் கட்டில், தொட்டிலையெல்லாம் இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ரோம் நகரத்து எளிய மக்கள் பெரும்பாலும் வாடகை அடுக்குமாடிகளில்தான் இருந்தார்கள். அந்தச் செங்கல் கட்டடங்களை இங்கே போல வேறெங்கும் பார்ப்பது கடினம். தியேட்டருக்குப் பின்னாலுள்ள சதுக்கத்தைச் சுற்றி வணிகர்களின் சின்னச் சின்ன அலுவலகங்கள். ஒவ்வொன்றின் முன்னும் தரையில் கறுப்பு வெள்ளை மொசைக்கில் விளம்பரம்: கப்பல், கலங்கரை விளக்கம், தானியம் அளக்கும் மரக்கால். வட ஆப்பிரிக்காவின் சப்ரதா ஊர்க்காரர்கள் யானையைப் போட்டிருக்கிறார்கள். அப்புறம், ஒரு சாராயக் கடையின் பளிங்கு மேடையும், பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பொதுக் கழிப்பறையும்! கூட்டமும் பொம்பெயி அளவுக்கு இல்லை.

போக்குவரத்து எளிது. நேப்பிள்ஸிலிருந்து சிர்க்கும்வெசுவியானா ரயிலில் ஹெர்குலேனியம் சுமார் 20 நிமிடம், பொம்பெயி சுமார் 40. ரயிலில் பர்ஸ் பத்திரம். ரோமில் தங்கியிருந்து நேப்பிள்ஸ் பக்கமே போகாதவர்களுக்கு ஓஸ்டியா போதும். நகர ரயில் அரைமணியில் கொண்டுபோய் விடும். திங்கட்கிழமை மூடியிருக்கும்.

இரண்டாவது நாள் கிடைத்தால் பொம்பெயிக்குப் போகும் முன் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அலெக்சாண்டர் மொசைக்கோடு, 1938-இல் பொம்பெயியில் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பம் ஒன்றும் அங்கே இருக்கிறது; நம் பக்கத்துக் கடல் வணிகத்தின் சாட்சி. செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.