டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், செலிகாக்சிப்: யாருக்கு எது ஒத்துவரும்?

வலி மாத்திரை என்றதும் எல்லோரும் கேட்பது "எதுக்குப் பவர் அதிகம்?" என்றுதான். என்னைக் கேட்டால் அது அவ்வளவு முக்கியமான கேள்வி இல்லை. டாக்டர் எழுதித்தரும் அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளைச் சரியான அளவில் எடுத்தால், மூட்டுவலியை அடக்குவதில் அவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது. ஒருவருக்குக் கேட்கும் மாத்திரை இன்னொருவருக்குக் கேட்காமல் போவதுண்டு, அவ்வளவுதான். எது யாருடைய வயிற்றைப் பதம் பார்க்கும், எது யாருடைய இதயத்துக்கு ஆகாது என்பதில்தான் உண்மையான வித்தியாசம்.

காரணம் எளிது. வலியையும் வீக்கத்தையும் கிளப்பிவிடுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் அது உருவாவதைத் தடுப்பதால்தான் வேலை செய்கின்றன என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். 1982இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்ததும் இந்தத் துறை ஆய்வுக்காகத்தான். அதை உருவாக்கும் நொதிகளில் இரண்டு வகை உண்டு. காக்ஸ்-1 இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டவும் உதவுகிறது. காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சி உள்ள இடத்தில் வேலை செய்கிறது. இரண்டையும் அடைத்தால் வயிறு பாதிக்கப்படும். சரி, காக்ஸ்-2ஐ மட்டும் அடைத்தால் தப்பிக்கலாமே என்று வந்ததுதான் ரோஃபெகாக்சிப். 1999இல் சந்தைக்கு வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து 2004இல் திரும்பப் பெறப்பட்டது. வயிற்றுக்கு நல்லது இதயத்துக்கும் நல்லதாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒப்பீடு சுலபம்.

நாப்ராக்சன் உடம்பில் நெடுநேரம் தங்கும். அதன் அளவு பாதியாகக் குறையவே 12 முதல் 17 மணி நேரம் ஆகும். அதனால் நாளுக்கு இரண்டு வேளை போதும். இதயத்தைப் பொறுத்தவரை, பழைய வகை மாத்திரைகளில் ஓரளவு நம்பிக்கையானது இதுதான் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த பொதுவான கணிப்பு. ஆனால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு இதில் அதிகம். அறுபதைத் தாண்டியவர், முன்பே அல்சர் வந்தவர், ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால் அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரை கூடவே வேண்டும். அதுவும் இரைப்பைக்கும் அதை அடுத்த முன்சிறுகுடலுக்கும்தான் காவல். அதற்குக் கீழே உள்ள குடலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

டைக்ளோஃபெனாக் இதற்கு நேர் எதிர். வேகமாகக் கேட்கும், பலருக்கும் பழகிய மருந்து, அதனாலேயே யோசிக்காமல் வாங்கி விழுங்கப்படுவது. ஆனால் இதய ஆபத்தில் இது காக்ஸ்-2 வகையோடு நிற்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, கால் ரத்தக்குழாய் அடைப்பு போன்றவை உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013இல் அறிவித்தது. நீண்டநாள் எடுப்பவர்கள் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளவேண்டும். ஆரோக்கியமான ஓர் இளைஞர் கால் சுளுக்குக்கு மூன்று நாள் போட்டுக்கொள்வது ஒன்று. ஸ்டென்ட் வைத்தவர் முட்டிவலிக்கு மாதக்கணக்கில் விழுங்குவது முற்றிலும் வேறு.

ஐபுப்ரோஃபென் குறைந்த அளவில், அதாவது நாளுக்கு 1200 மில்லிகிராம்வரை, குறுகிய காலத்துக்கு ஓரளவு மென்மையானது. 2400ஐத் தொட்டால் அந்த மென்மை போய்விடும். இதில் ஒரு சிக்கல் பலருக்குத் தெரியாது. இதயத்துக்காகத் தினமும் சிறு அளவு ஆஸ்பிரின் எடுப்பவர் அதற்குமுன் ஐபுப்ரோஃபென் போட்டால், ஆஸ்பிரின் போய் ஒட்டவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். பூச்சில்லாத சாதாரண ஆஸ்பிரின் என்றால், அதை முதலில் போட்டுவிட்டுக் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே ஐபுப்ரோஃபென் எடுக்கச் சொல்வார்கள். அவ்வப்போது எடுப்பவருக்கு இது சரி. தினமும் வேண்டியிருந்தால் வேறு மாத்திரைக்கு மாறச் சொல்லிக் கேட்பதே மேல்.

செலிகாக்சிப் காக்ஸ்-2 வகை. வயிற்றுக்கு இதமானது. இதயம் என்ன ஆகும் என்ற பயத்துக்குப் பதில் தேடி, இதய ஆபத்து உள்ள சுமார் 24,000 மூட்டுவலிக்காரர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. மிதமான அளவில் செலிகாக்சிப் நாப்ராக்சனையும் ஐபுப்ரோஃபெனையும்விட மோசமில்லை என்றது அது. 'மிதமான அளவில்' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவேண்டும். கூடவே தினசரி ஆஸ்பிரினும் எடுத்தால் வயிற்றுக்குக் கிடைக்கும் லாபம் குறைந்துவிடும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். இதே குடும்பத்து எட்டோரிகாக்சிப் நாளுக்கு ஒரு மாத்திரை என்பதால் வசதிதான். ஆனால் பி.பி.யை ஏற்றிவிடும். 140/90க்கு மேல் கட்டுக்குள் வராத பி.பி. இருப்பவருக்கு அது கூடாது.

ஆக, வயிறு கெட்டு இதயம் நன்றாக இருப்பவருக்கு என் ஓட்டு செலிகாக்சிப்புக்கு. இதயக் கவலை இருந்து வயிறு திடமாக இருப்பவருக்கு நாப்ராக்சனும் ஒமிப்ரசோலும். இரண்டும் கெட்டிருந்தால் எந்த மாத்திரை என்று தேடுவதைவிட மாத்திரையே வேண்டாம் என்று முடிவெடுப்பது பல சமயம் புத்திசாலித்தனம். இறுதி முடிவு உங்கள் ரிப்போர்ட்டுகளைக் கையில் வைத்திருக்கும் டாக்டருடையது.

சிறுநீரகத்துக்கு வந்தால் இந்த ஒப்பீடே செல்லாது. எந்தப் பெயர் போட்டு வந்தாலும் எல்லாம் ஒன்றுதான். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சீராக வைப்பதே புரோஸ்டாகிளாண்டின். எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற பி.பி. மாத்திரை ஒன்று, நீர் பிரியும் மாத்திரை ஒன்று, அதோடு வலி மாத்திரை என மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடக்கூடும். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் என்று உடம்பில் நீர் வற்றியிருக்கும் நாளில் ஆபத்து இரட்டிப்பு. அன்றைக்கு வலி மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். கர்ப்பத்தில் 20ஆவது வாரத்திலிருந்து இவற்றைத் தவிர்க்கச் சொல்வதிலும் குழந்தையின் சிறுநீரகம்தான் முக்கியக் காரணம்.

இன்னொன்று, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. பல் டாக்டர் கொடுத்த அட்டையில் அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும், எலும்பு டாக்டர் கொடுத்ததில் டைக்ளோஃபெனாக் என்று இருந்தால், இரண்டும் ஒரே ஆள் இரண்டு சட்டை போட்டு வந்த மாதிரி. சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, ரத்தக்கசிவு ஆபத்துதான் ஏறும். பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளலாம். அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, வீக்கத்தையும் குறைக்காது.

ஊசியோ ஆசனவாய் மாத்திரையோ போட்டால் வயிறு தப்பும் என்ற எண்ணமும் தவறு. மருந்து ரத்தத்தில் கலந்துதான் இரைப்பையின் காவலைக் குறைக்கிறது. சாப்பிட்ட பின் விழுங்குவது எரிச்சலைத் தணிக்கும், புண்ணைத் தடுக்காது. மலம் தார் போலக் கறுத்தால், வாந்தியில் காப்பித்தூள் நிறம் தெரிந்தால், நெஞ்சு அழுத்தினால், மூச்சு வாங்கினால் அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும்.

முட்டியோ கைவிரல் மூட்டோ மட்டும்தான் வலிக்கிறது என்றால் மாத்திரைக்கு முன் டைக்ளோஃபெனாக் ஜெல்லை முயன்று பார்க்கலாம். மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் கலப்பது சுமார் 6 சதவீதம்தான். ஆழத்தில் இருக்கும் இடுப்பு மூட்டுக்கும் முதுகுக்கும் இது அவ்வளவாக எட்டாது. 1 சதவீத ஜெல் என்றால் முட்டிக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், நாளுக்கு நான்கு வேளை. பலர் பட்டாணி அளவு தடவிவிட்டு, ஜெல் கேட்கவில்லை என்று ஒரே நாளில் ஓரங்கட்டிவிடுகிறார்கள்.

அளவுக்கான அட்டை ஒன்று பெட்டியிலேயே இருந்தால் அதில் பிதுக்கி எடுங்கள். மேலே துணி கட்டவோ சூடு ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம், உள்ளே போகும் அளவு கூடிவிடும். விரலுக்குத் தடவியிருந்தால் ஒரு மணி நேரமாவது கை கழுவாமல் இருக்கவேண்டும். முட்டிக்கு என்றால் தடவிய கையை உடனே கழுவிவிடலாம்.