மதில் பார்த்தது போதும், தேவாலயத்துக்குப் போங்கள்

கனடாவிலிருந்து வந்த அண்ணன் குடும்பத்துக்கு யாழ்ப்பாணக் கோட்டையைக் காட்ட வழிகாட்டி ஒருவரை அமர்த்தினோம். ஆள் பண்பானவர், ஆங்கிலம் சரளம், படம் எடுக்கத் தோதான இடமெல்லாம் அத்துபடி. ஆனால் நான் மேசன் வேலை செய்தவன். கல்லைப் பற்றி வாயே திறக்காமல் ஒருவர் கோட்டையைச் சுற்றிக் காட்டினால் எப்படிப் பொறுப்பேன்?

நேரத்தில் பெரும்பகுதி மதில்மேல் போனது. பண்ணைக் கடலிலிருந்து வரும் காற்றுக்காகவே அங்கே நடக்கலாம். வரலாற்றைச் சுருக்கமாக, சரியாகச் சொன்னார். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயரின் கோட்டை நாற்கோணம். 1658இல் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பிறகு ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். வெளி அரண்கள் முடிந்தது 1792இல். மூன்றே வருடத்தில், 1795இல், ஆங்கிலேயர் வந்து எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

உள்ளே இருக்கும் ஒல்லாந்தர் தேவாலயத்தை மட்டும் அவர் நடந்தபடியே கை காட்டிவிட்டுப் போய்விட்டார். 1706இல், நான்கு கைகளும் சமமான சிலுவை வடிவில் எழுந்த கட்டடம் அது. போரில் சிதைந்து இன்று கற்குவியலாகக் கிடக்கிறது. போருக்குப் பின் ஒல்லாந்து அரசின் உதவியோடு திருத்திய மதிலில் முகப்பை மட்டும்தான் பார்க்கலாம். சுவரின் வயிற்றைப் பார்க்க இங்கேதான் வரவேண்டும்.

பெறாமகளின் விரலைப் பிடித்து ஒரு கல்லில் வைத்தேன். பூப்பூவாகப் பள்ளங்கள், நடுவே ஊசித்துளைகள். "இது கடலுக்குள் உயிரோடு வளர்ந்தது பிள்ளை" என்றதும் நம்பாமல் மறுபடி தடவினாள். முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், பாரம் குறைவு, செதுக்குவதும் எளிது. அதையே சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. கல்லும் சாந்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஒட்டாமல் என்ன செய்யும்? சீமெந்து பூசிப் பழுதாக்கிய பழைய வீடுகள் எத்தனையோ என் கண்முன் வந்துபோயின. அந்தக் கதையைத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன்.

முதல்முறை போகிறவர்களுக்கு வழிகாட்டி உதவுவார். தேவாலயத்தில் நின்று பார்க்க நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிழல் குறைவு, நாலு மணிக்குப் பின் போவது நல்லது, தண்ணீர் கொண்டுபோங்கள். கூலியையும் வாசலிலேயே பேசி முடியுங்கள். எங்களிடம் திரும்பும்போது மேலதிகமாகக் கேட்டார்; அண்ணன் கொடுத்தார், நான் தடுத்தும் கேட்கவில்லை.