எம்பாரஸ், ஹ்யூமிலியேட்: எதை எங்கே எழுதுவது?

இந்த இரண்டு ஆங்கில வினைச்சொற்களுக்கும் 'அவமானப்படுத்து' என்று ஒரே பொருளை மனப்பாடம் செய்துகொள்வதால்தான் எழுதும்போது பலருக்குத் தடுமாற்றம் வருகிறது.

வலி
எம்பாரஸ்: நெளிய வைக்கும் சங்கடம். கொஞ்ச நேரத்தில் போய்விடும்.
ஹ்யூமிலியேட்: மானத்தையே தொடும். எளிதில் ஆறாது.

காரணம்
எம்பாரஸ்: யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவரின் பெயர் சட்டென மறந்துபோனாலே போதும். அளவுக்கு மீறிய பாராட்டுகூட எம்பாரஸ் செய்யும்.
ஹ்யூமிலியேட்: பெரும்பாலும் ஒருவரை மட்டம் தட்டுவது இருக்கும். லத்தீனில் தரையைக் குறிக்கும் 'ஹ்யூமஸ்' இதன் வேர்.

எழுத்துக்கூட்டல்
எம்பாரஸில் ஆர் இரண்டு, எஸ் இரண்டு. அடுத்ததில் சிக்கல் இல்லை.

அப்புறம், அதிகம் பிழை வருகிற இடம் ஒன்று உண்டு. 'ஐ ஆம் எம்பாரஸ்டு' என்றால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. 'ஐ ஆம் எம்பாரஸிங்' என்றால் என்னால் மற்றவர்கள் சங்கடப்படுகிறார்கள். அர்த்தமே தலைகீழ்! ஹ்யூமிலியேட்டுக்கும் இதே விதிதான். 'எம்பாரஸ்டு ஃபார் ஹிம்' என்பது அவருக்காக நாம் கூசுவது. அழகான பிரயோகம், தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சரி, எதைத் தேர்வது? அன்றாடச் சங்கடங்களுக்கு எம்பாரஸ் போதும். ஒரு மாணவனை வகுப்பு நடுவே நிறுத்தி முட்டாள் என்று திட்டினால், அங்கே ஹ்யூமிலியேட் என்றே எழுதுங்கள். எம்பாரஸ் என்று எழுதினால் நடந்த கொடுமை சிறியதாகத் தெரியும்.