தாய்லாந்தின் ஓய்வு விசா: வாங்குவது சுலபம், வைத்துக்கொள்வதில்தான் வேலை

வயது 50 ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் (அந்நாட்டு நாணயம்) இருக்க வேண்டும். வருடக் கட்டணம் 1,900 பாட். விளம்பரங்களில் இந்த மூன்று வரிதான் இருக்கும், மூன்றும் உண்மைதான். சொல்லாமல் விடுவது தேதிக் கணக்கை. கையில் பணம் இருந்தும் ஒரு தேதியைத் தவறவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டி வருவது இந்த விசாவில் சர்வ சாதாரணம்.

‘ஓய்வு விசா’ என்று பேச்சில் சொன்னாலும் அது இரண்டு படி. முதலில் 90 நாளுக்கான ‘நான்-ஓ’ விசா. அது முடியும் முன் உள்ளூர் குடிவரவு அலுவலகத்தில் வாங்கும் ஒரு வருட நீட்டிப்பு. பிறகு வருடா வருடம் நீட்டிப்பு மட்டுமே. ‘ஓ-ஏ’ என்ற இன்னொரு வகையைச் சொந்த நாட்டிலிருந்தே ஒரு வருடத்துக்கு வாங்கலாம். ஆனால் அதற்குப் போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் வேண்டும். 2019 அக்டோபர் முதல் மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.  நீட்டிக்கும்போதும் காப்பீடு கேட்பார்கள். 70 வயதைத் தாண்டியவருக்குப் பாலிசி கிடைப்பதே பெரும்பாடு. அதனால் எங்கள் ஓட்டு நான்-ஓ பக்கம்தான். ‘ஓ-எக்ஸ்’ என்ற 10 வருட விசா குறிப்பிட்ட 14 நாட்டவருக்கு மட்டும். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

இடறுவது வங்கிக் கணக்கில். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் 8 லட்சம் பாட் கணக்கில் வந்து இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். கையில் இருப்பதோ 90 நாள் விசா. அதில் 60 நாள் பணம் ஊறுவதற்கே போய்விடும். மீதி 30 நாளுக்குள் வீடு பார்த்து, முகவரிச் சான்று வாங்கி, கணக்குத் திறந்து, ஊரிலிருந்து பணமும் வந்து சேர வேண்டும். 25-ஆம் நாளுக்குள் பணம் விழுந்துவிட்டால் நிம்மதி. 40-ஆம் நாள் விழுந்தால் தேதிக் கணக்கு இடிக்கும். சுற்றுலாவாக வந்து இறங்கி, உள்ளேயே நான்-ஓவுக்கு மாறும் வழியும் உண்டு; கட்டணம் 2,000 பாட், குறைந்தது 15 நாள் தங்கும் அனுமதி மீதம் இருக்க வேண்டும். ஆனால் சுற்றுலாவாக வந்தவருக்குக் கணக்குத் திறக்கப் பல வங்கிக் கிளைகள் மறுத்துவிடும். கணக்கு இல்லாமல் விசா இல்லை, விசா இல்லாமல் கணக்கு இல்லை என்று அலைய வைப்பார்கள். ஊரிலேயே இணையவழி நான்-ஓ வாங்கிக்கொண்டு புறப்படுவது உத்தமம்.

பணம் வெளிநாட்டிலிருந்து உங்கள் பெயரிலேயே வந்ததற்கான வங்கிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இந்தியாவிலிருந்து அனுப்பினால், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், அந்த நேரத்தில் கையில் கூடுதல் பணம் வேண்டும். சில ஆயிரம் பாட் உபரியாகவே அனுப்புங்கள். வங்கிக் கட்டணம் கழிந்து 7,99,600 என்று நின்றால் 8 லட்சம் ஆகாது.

மாதம் 65,000 பாட் வருமானம் காட்டும் வழியும் சட்டத்தில் உண்டு. அமெரிக்க, பிரிட்டன், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் வருமானக் கடிதம் தருவதை 2019 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டன. கடிதம் கிடைக்காதவர்கள் 12 மாதமும் வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததை வங்கிப் பதிவில் காட்ட வேண்டும். புதிதாக வருபவருக்கு அது எப்படி முடியும்? முதல் வருடம் டெபாசிட்தான்.

விண்ணப்ப நாள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் முதல் வேலை வங்கி. பாஸ்புக்கில் 100 பாட் போட்டு அன்றைய தேதியில் ஒரு வரி அச்சாக வையுங்கள். வங்கிக் கடிதமும் அன்றைய தேதியில் இருந்தால் கேள்வியே வராது. நீட்டிப்புக்கான டிஎம் 7 படிவம், 4×6 செ.மீ. புகைப்படம், பாஸ்போர்ட்டின் முத்திரை விழுந்த பக்கங்கள், பாஸ்புக்கின் பக்கங்கள், வாடகை ஒப்பந்தம், டிஎம் 30 சீட்டு. ஒவ்வொரு நகலிலும் நீல மையில் கையெழுத்து. சில அலுவலகங்கள் வீட்டுக்குப் போகும் வழியைப் படமாக வரைந்து தரச் சொல்லும். பாங்காக்கின் சேங் வத்தானா அலுவலகத்தில் கேட்பதும் பட்டாயாவின் ஜோம்தியன் அலுவலகத்தில் கேட்பதும் ஒன்றல்ல. 12 மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. காலையிலேயே டோக்கன் எடுத்துவிட வேண்டும்.

டிஎம் 30 என்பது வீட்டுக்காரர் தர வேண்டிய தகவல்: வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள். அவர் தராமல் விட்டாலும் கவுன்டரில் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள்தான். முன்பணம் கொடுக்கும் முன்பே இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

முத்திரை விழுந்த பிறகும் பணத்தைத் தொட முடியாது. 2019 மார்ச் முதல் உள்ள விதிப்படி, அடுத்த மூன்று மாதம் 8 லட்சம் அப்படியே நிற்க வேண்டும்; அதன் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பு மறுபடி 8 லட்சம். இறக்கி ஏற்றி விளையாடாமல், அந்தப் பணம் இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்வதே மேல். செலவுக்குத் தனிக் கணக்கும் ஏடிஎம் அட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடர்ந்து உள்ளேயே இருந்தால் 90 நாளுக்கு ஒருமுறை டிஎம் 47 படிவத்தில் முகவரி தெரிவிக்க வேண்டும். 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை நேரில் தரலாம். தவறினால் 2,000 பாட் அபராதம், அவ்வளவோடு போகும். மறுநுழைவு அனுமதியை மறந்தால் அப்படிப் போகாது. அதை வாங்காமல் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் ஒரு வருட நீட்டிப்பு அந்த நிமிடமே செத்துவிடும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. அவசரத்துக்குச் சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே கவுன்டர் உண்டு. ஊரில் ஒரு சாவு என்று தகவல் வந்து ஓடும்போதுதான் இது மறந்துபோகும் என்பதால், பலமுறை அனுமதியை நீட்டிப்பு வாங்கும் அன்றே எடுத்துவிடச் சொல்வோம்.

ஏஜென்ட்? வரிசையில் நிற்கவும் படிவம் நிரப்பவும் கூலி கொடுப்பது தப்பில்லை. 8 லட்சத்தை அவரே உங்கள் கணக்கில் போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் குடியிருக்காத மாகாணத்தின் முத்திரையும், நான்கே நாள் பணம் நின்ற பாஸ்புக்கும் அடுத்த வருடம் வேறொரு அதிகாரி மேசைக்குப் போகும். அப்போது பதில் சொல்ல வேண்டியது பாஸ்போர்ட்டில் பெயர் இருப்பவர்.

பாஸ்போர்ட் காலாவதித் தேதியையும் பாருங்கள். அது எட்டு மாதத்தில் முடிகிறது என்றால் நீட்டிப்பும் எட்டு மாதம்தான். 1,900 பாட் மட்டும் முழுசாக.

மனைவி 50-ஐத் தொடாவிட்டாலும் கணவரைச் சார்ந்தவராக நீட்டிப்பு வாங்கலாம். அவருக்குத் தனி டெபாசிட் தேவையில்லை. திருமணச் சான்றிதழைச் சான்றொப்பம் பெற்று, தாய்லாந்து மொழியில் பெயர்த்து வைத்திருக்க வேண்டும். ஆனால் டெபாசிட் கணவர் பெயரில் மட்டும் இருப்பதால், அவர் இறந்தால் கணக்கு முடங்கும். பணம் எடுக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். சார்ந்து வாங்கிய அனுமதிக்கும் அத்தோடு அடிப்படை போய்விடும். அந்த 8 லட்சத்துக்காக மட்டுமாவது தாய்லாந்தில் ஓர் உயில் எழுதி, அதன் நகலை மனைவி கையில் கொடுத்துவையுங்கள்.