துப்பாக்கியின் பின் சைட்டைத் தட்டவா, முன் சைட்டை அராவவா?

ஒற்றைக் குண்டு போகும் ரைபிள் குழலும், ரவை (சிறு ஈயக் குண்டுகள்) போகும் ஷாட்கன் குழலும் சேர்ந்த தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி குறி தப்புதென்று அம்பாசமுத்திரத்து மச்சான் கையில் அரத்தோடு நிற்கிறார். ஏ மச்சான், கொஞ்சம் பொறுங்க.

பின் சைட் (கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும், குறி பார்க்கும் பட்டை): குண்டு இடப்பக்கம் போனால் பித்தளைத் தண்டு வைத்து அது வலப்பக்கமாக நகரும்படி லேசாகத் தட்டணும், பைசா செலவில்லை, கூடிப்போனால் திருப்பித் தட்டிக்கலாம்.

முன் சைட் (குழல் நுனியில் நிற்கும் குறி முள்): குண்டு கீழே அடித்தால் மட்டும் அரம். இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 50 செ.மீ. என்றால், 50 மீட்டரில் 10 செ.மீ. தூக்க 1 மி.மீ. அராவினால் போதும், அராவியது திரும்பாது, அதனால் நாலு இழுப்புக்கு ஒருமுறை ரேஞ்சில் சுட்டுப் பார்க்கணும்.

பக்கம் விலகினால் தண்டு, கீழே அடித்தால் அரம். மேலே அடித்தால் அரத்தைத் தொடவே வேண்டாம், உயரமான முன் சைட்தான். எல்லாம் ரைபிள் குழலுக்குத்தான். ஷாட்கன் குழலின் ரவை எங்கே விழுகிறதென்று அப்புறம் அட்டையில் சுட்டுப் பாருங்க.